சிவப்பு நட்சத்திரம்

குத்தாயிசியில் ரியோனி ஆற்றைப் பார்த்து நிற்கும்
எங்கள் பல்கலைக்கழகத்தின் முகப்பிலிருந்து
ஒரு சிவப்பு நட்சத்திரத்தை
என் அப்பா காலத்தில் ஏணி வைத்து இறக்கினார்கள்.
நான் அதைத் திரும்ப ஏற்றினேன்,
திரையில், மிளகு அளவில்,
பெட்டிகளுக்குப் பக்கத்தில்:
பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல்.
நிரப்பாமல் நகர முடியாது.

பதினோரு மாத வேலை.
மூன்றாம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு
அறுநூற்று நாற்பது கட்டுகள்.
ஒரு விடுப்புக்கு ஏழு கையெழுத்து என்றிருந்ததை
மூன்றாக்கினேன்.
அந்த மூன்றிலும் ஒன்று எதற்கென்று
யாருக்கும் தெரியவில்லை.
எடுத்துவிட யாரும் சம்மதிக்கவுமில்லை.

ஸ்கேனர் முன்னால் லமாரா.
ஸ்டேப்ளர் பின் பிடுங்கவென்றே
ஒரு விரல் நகத்தை வளர்த்திருந்தாள்.
பிடுங்கியதெல்லாம்
காலியான ஊறுகாய் ஜாடிக்குள் விழும்,
கிண், கிண் என்று.

இரண்டாவது ஜாடி நிறைந்த வாரம்
இரும்பு பீரோவை நகர்த்தினோம்.
பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு தாள்.
1993, டிசம்பர். ஊதா மை.
“வேதியியல் தேர்வன்று ரொட்டி வரிசையில் நின்றேன்.
அம்மாவால் நடக்க முடியாது.
என் முறை வந்தபோது இருட்டிவிட்டது.
மறுதேர்வுக்கு அனுமதி தர வேண்டுகிறேன்.
எத்தேரி லோமினாட்ஸே.”
பெறப்பட்டது என்று முத்திரை.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கண்டதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்பது என் விதி.
ஏற்றினாள்.
நிலை என்ன என்று கேட்டது.
என் பட்டியலில் மூன்றே:
ஏற்கப்பட்டது. மறுக்கப்பட்டது. நிலுவை.
“தொலைந்தது என்று ஒன்று இல்லையா?”
“தொலைந்திருந்தால் எப்படி ஏற்றுவாய்?”
என் பதில் எனக்கே பிடித்திருந்தது.
நிலுவை என்று அழுத்தினாள்.
மின்னஞ்சல் பெட்டி சிவந்து வழிமறித்தது.
அந்த வருஷம் அந்தத் தெருவில் மின்சாரமே கிடையாது
என்று முனகிக்கொண்டே
தன் முகவரியைத் தட்டினாள்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு
துணை ரெக்டர் தாரியேலுக்கு நினைவூட்டல் போனது:
“உங்கள் முடிவுக்காக 11,312 நாட்களாகக் காத்திருக்கிறது.”
அடுத்த காலை 11,313.
ஒன்பது ஐந்துக்கு லமாராவுக்கு ஒன்று:
“அன்புள்ள எத்தேரி,
உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.”
ஒன்றையும் அவள் அழிக்கவில்லை.

தாரியேல் தொலைபேசியில் கத்தினார். நிறுத்து.
நிறுத்த வழியில்லை ஐயா, முடிவெடுக்கத்தான் வழி.
அப்படியானால் மறுக்கிறேன்.
மறுத்தால் காரணம் எழுத வேண்டும்;
அங்கேயும் நட்சத்திரம் வைத்திருந்தேன்.
காலதாமதம் என்று எழுதியிருக்கிறார்.
அழித்திருக்கிறார்.
யாருடைய என்று கேட்டுக்கொண்டாரோ என்னவோ.
(அழித்ததையும் சேமிக்கும்படி செய்தவன் நான்தான்.)
11,331: ஏற்கப்பட்டது.

பிறகு மனிதர் தொடாமலே நடந்தது எல்லாம்.
ஜனவரி 27, காலை பத்து, அறை 212,
அடையாள அட்டை அவசியம்.
வேதியியல் துறைக்கு வினாத்தாள் கேட்டு உத்தரவு.
நாங்கள் எத்தேரியைத் தேடினோம்.
அந்த முகவரியில் இப்போது மருந்துக்கடை.
அதே பெயரில் மூன்று பேருக்கு எழுதினோம்.
ஒருத்தி மட்டும் பதில் போட்டாள், போலந்திலிருந்து:
“அது நானில்லை.
ஆனால் அந்த வரிசையில் நானும் நின்றேன்.”

ஜனவரி 27.
பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.
வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பேராசிரியர் ஜூம்பெர் மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்.
லமாரா கதவைச் சாத்தவில்லை.

முடிவில் திரை அவரைக் கேட்டது:
வந்தார் / வரவில்லை.
அவர் என்னைப் பார்த்தார்,
ஏதோ சூத்திரத்தில் நான் பிழை செய்தது போல.
இரண்டையும் தொடாமல்
கணினியை மூடிவிட்டு
மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு
அவருக்கு நினைவூட்டல் போனது.
காத்திருப்பு: ஒரு நாள்.
நிறுத்தச் சொல்லி அவர் இன்னும் கேட்கவில்லை.